கூதிர்காலத்து மனை

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர், கீற்ஸ் என்னும் இளங்கவிஞர் 1819ஆம் ஆண்டு இயற்றிய இலையுதிர்காலப் பாட்டைக் கற்குங்காலை ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குவர். பழம் கனிந்து, கதிர் அறுபட்டு, வெயில் மஞ்சளித்து, உலகம் மெல்ல உறக்கத்திற்கு ஆயத்தமாகும் அப்பருவத்தைத் தம் ஊரின் எந்த மாதத்தோடு பொருத்துவது? திருகோணமலையிலே வேம்பு இலையுதிர்ப்பது மாசி பங்குனியில். செப்டெம்பர் மாதத்திலோ கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக் கிணற்று நீரை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டிருக்கும். ஆயினும் மேலைநாட்டார் அப்பருவத்தில் செய்வனவற்றை, அதாவது வீட்டைச் செப்பனிடுதல், அடுப்பை மூட்டுதல், உடலைப் பேணுதல், வருவோரை உள்ளழைத்து இருத்துதல் ஆகியவற்றை, திருகோணமலை மக்களும் அதே மாதங்களிற்றான் செய்கின்றனர். அவர்களுக்கு அது மாரி காலத்தின் வாயில். பழந்தமிழர் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பொழுதைக் கூதிர் என வழங்கினர். பெயர் வழக்கொழிந்தது, பருவம் வழக்கொழியவில்லை.

ஞாயிறு தெற்கே சாயுந்தோறும் காற்றின் திசை புரள்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே இறக்கிவிட்டு வறண்ட காற்றாகவே கீழ்க்கரையை அடையும். ஐப்பசியில் அது தளர்ந்து, இடிமுழக்கத்தோடு மாலை மழைகள் பெய்து, பின்னர் வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வாடை இறங்கும். அதன்பின் தை பிறக்கும்வரை, நகரம் ஓராண்டிற் பெறும் மழையின் பெரும்பகுதி சில வாரங்களிற் கொட்டித் தீரும். ஆனிமாதத்து நண்பகலுக்கும் மார்கழி நண்பகலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஏறத்தாழ ஏழு பாகை மட்டுமே. இதனைக் குளிர் என்று கூறின் வடபுலத்தார் நகைப்பர். ஆனால் பாய் ஈரம், சேலை ஈரம், உப்புச்சாடி ஈரம், சுவரே ஈரம் என்றிருக்கும் வீட்டிலே பத்து நாள் கதிரவனைக் காணாதிருந்தோர் நகையார்.

திருகோணமலையின் வரலாறே ஒருவகையில் மாரிக்கு ஒதுங்குதலின் வரலாறுதான். சோழமண்டலக் கரை நெடுகிலும் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. வாடை தொடங்கியதும் அங்கு நிற்றல் ஆபத்தாயிற்று. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்க்க நாடி வந்த இடம் கொட்டியாரக்குடா. அதில் வந்திறங்கிய றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்த கதை யாவரும் அறிந்தது. ஒதுங்க வந்தவனுக்கு ஊர் தந்த வரவேற்பு அத்தகையது! பின்னர் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்துக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டமைக்கும், ஆங்கிலக் கடற்படை 1957 வரை இங்கு குடியிருந்தமைக்கும் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று, எக்காற்றிலும் அசையாத இந்த உள்நீரே. கப்பலுக்கு இயற்கையே வீடு கட்டிக் கொடுத்த ஊரில், மனிதர் தம் வீட்டைத் தாமே மாரிக்கு ஆயத்தஞ் செய்யவேண்டியிருந்தது.

அந்த ஆயத்தம் கடற்கரையிலே தொடங்குகின்றது எனலாம். நீர்கொழும்பு, சிலாபம் முதலாய மேற்குக்கரை ஊர்களிலிருந்து பங்குனியளவில் வந்து வாடியமைத்துக் கரைவலை இழுத்தோர், கடல் குமுறத் தொடங்குமுன் தம் உடைமைகளைக் கட்டிக்கொண்டு திரும்புகின்றனர். உள்ளூர் வள்ளங்கள் மேட்டுக்கு இழுக்கப்படுகின்றன. பச்சைமீன் அருகி விலையேறும். அதனை முன்னறிந்த வீடுகளிலே கோடையில் உலர்த்திய கருவாடு பானைக்குள் ஏறியிருக்கும். புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்து வீடு திரும்பும் பெண்களின் பேச்சிலே கோள்களைவிடக் கூரைகளே மிகுதியாக இடம்பெறும்.

கூரை ஓடாயின் உடைந்தவற்றை மாற்றவேண்டும்; கிடுகாயின் புதிதாக வேயவேண்டும்; தகரமாயின் காற்று தூக்காதிருக்கப் பாரமேற்றவேண்டும். பீலியிலே ஓராண்டுச் சருகு அடைந்து கிடக்கும். விறகு கொத்தித் தாழ்வாரத்தின் உட்புறம் அடுக்கவேண்டும்; பொச்சுமட்டையும் சிரட்டையும் காயவைத்துச் சாக்கிற் கட்டவேண்டும். எரிவாயு அடுப்பு வந்தபின் இவ்வேலை பல வீடுகளில் நின்றுபோயிற்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வாயு கிட்டாது வெற்றுக் கொள்கலன்களோடு வரிசையில் நின்ற நாளிலேதான், விறகடுப்பை இடித்துத் தள்ளிய வீட்டார் அதன் அருமையை அறிந்தனர். இடியாதிருந்த ஒரு குசினியிலே மூன்று வீட்டுச் சோறு பொங்கியதும் அந்நாளிலே நடந்ததுதான்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். மழை முடிந்து தெளிந்த வெயில் எறிக்கும்போது, சிரட்டையிலும் பீலியிலும் எறிந்த தகரப் பேணியிலும் தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா கடுந்துயர் பட்டது. முன்னையோர் மாலையில் வேப்பிலையும் நொச்சியும் புகைத்தனர். புகை நுளம்பைச் சிறிது நேரம் விரட்டும். முட்டையை அது ஒன்றுஞ் செய்யாது. முற்றத்திலே கவிழ்த்து வைக்கப்பட்ட ஒரு சிரட்டை, உள்ளே எரியும் ஒருபிடிச் சாம்பிராணியைவிட அந்த வீட்டின் நலத்துக்கு உதவும்.

இனி, உள்ளே வருவோம். பத்துப்பாட்டில் வரும் நெடுநல்வாடையைப் பாடமாகக் கற்றோர், அதனைப் போரும் பிரிவும் பற்றிய பாட்டாகவே பெரிதும் நினைவிற் கொள்வர். ஆனால் வீடு குளிரை எதிர்கொள்ளும் முறையை இத்துணை நுட்பமாகக் கண்ட புலவர் நக்கீரரையன்றி மிகச்சிலரே. மழையிருட்டில் மாலைப்பொழுது தெரியாமையால், பூந்தட்டில் வைத்த பிச்சியரும்பு மலர்வதைக் கொண்டு நேரமறிந்து மகளிர் விளக்கேற்றுகின்றனர். இரை தேடச் செல்லாத மனைப்புறா இரவு பகல் தெரியாது கால்மாறி நிற்கின்றது. கோடைக்கு உதவிய சந்தனக்கல் வேலையின்றிக் கிடக்கின்றது. விசிறி தொங்கவிடப்பட்டுச் சிலம்பி வலை பின்னுகின்றது. குளிர்நீர்க் குடத்தை நாடாது இளையோரும் முதியோரும் அகன்ற வாயையுடைய தடவின் நெருப்பைச் சூழ்கின்றனர். ஒரு பொருள் பயன்படாது ஒதுங்குவதைக் காட்டியே பருவத்தைக் காட்டும் அவ்வாற்றலைத் திருகோணமலை வீடுகளில் இன்றுங் காணலாம். மின்விசிறியின் இதழ்களிலே தூசி படிகின்றது. மண்பானையிலே நீர் தொடப்படாது நிற்கின்றது. கோடையெல்லாம் விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரை, தூவானத்துக்கு அஞ்சி உள்ளே நகர்கின்றது.

அடுப்பங்கரையே அப்பொழுது வீட்டின் நடுவிடம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப்போட்டுக் கொதிக்கும் மல்லித்தண்ணீர், பனங்கட்டித் துண்டொன்று, வறுத்த கச்சான் ஒரு சுளகு, அவித்த மரவள்ளிக்கிழங்கும் இடித்த சம்பலும் — இவையே மாரியின் விருந்து. (காற்றையும் கடலையையும் கச்சான் என்னும் ஒரே சொல்லால் வழங்கும் ஈழத்தார், கச்சான் காற்று ஓய்ந்தபின் கச்சான் கடலையை உண்பது நல்ல முரண்.) உப்புச்சாடி அடுப்போரத்துக்கு நகரும். குழந்தைகளின் சட்டைகள் அடுப்பின் மேற்கட்டிய கொடியிலே புகைமணத்தோடு உலரும். அம்மணம் பள்ளி வகுப்பறைவரை உடன் செல்லும். வெளியே மழை வலுக்க வலுக்க உள்ளே பேச்சு வளரும். கார்த்திகை மாதத்துப் பிள்ளையார் பெருங்கதை இருபத்தொரு நாள் படிக்கப்படுவதும், மார்கழி விடியலில் திருவெம்பாவைச் சங்கொலி ஈரக்காற்றிலே மிதந்து வருவதும் இப்பருவத்துக்கே உரியன. விளக்கீட்டன்று வாயிலிலும் கிணற்றடியிலும் மரத்தடியிலும் ஏற்றப்படும் சிறு பந்தங்களைத் தூறல் அணைக்கும். அணையுந்தோறும் சிறுவர் ஓடிச்சென்று கொளுத்துவர். மழையும் சிறுவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடாத அவ்விளையாட்டு ஏறத்தாழ ஒரு நாழிகை நீடிக்கும்.

இத்தனை இதத்தையும் ஆக்குபவர் யார் என்னும் வினாவை ஈண்டு எழுப்பாது செல்லலாகாது. எண்ணெய் வைத்து வெந்நீர் வார்த்து, தலைதுவட்டிச் சாம்பிராணி காட்டி, ஒவ்வொருவராக அடுப்போரத்தில் இருத்துபவள் இல்லத்தரசி. கடைசியாக அவள் முழுகும்போது வெந்நீர் முடிந்திருக்கும். ஈரக்கூந்தலைக் கொண்டையிட்டபடியே அவள் இரவுச் சமையலைத் தொடங்குவாள். நகரத்தின் கடலோர ஒழுங்கையொன்றில் வாழும் ஓர் ஆச்சி, எழுபது மாரி கண்டவர். “அம்மம்மா, நீங்களும் நெருப்புக்குக் கிட்ட வந்து இருங்கோவன்” என்று பேத்தி அழைத்தால், “முதல்ல பீலியைப் பார்த்திட்டு வா பிள்ளை, பிறகு இருப்பம்” என்பது அவரது மாறாத விடை. அந்தப் ‘பிறகு’ அவருடைய முழங்கால்கள் வீங்கும்வரை வரவில்லை. உடலைப் பேணுதல் பற்றி மாதர் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன; நெருப்பருகே ஓர் இருக்கையை வீட்டிலுள்ளோர் காலியாக வைத்து அவளை இருத்தாவிடின் அப்பக்கங்கள் அடுப்பு மூட்டவே உதவும். அவ்வீட்டிலே இப்பொழுது பேத்தி விறகடுக்குகின்றாள், பேரன் பீலிக்கு ஏறுகின்றான். ஆச்சி மணைக்கட்டையில் அமர்ந்து இருவரையும் குறை கூறுகின்றார். அவருக்கு அது மிகவும் பிடித்திருக்கின்றது.

அதே வீட்டின் விறாந்தைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் பின்னிரவை ஒட்டி இலங்கையின் வடகரையைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயல், திருகோணமலையையும் விட்டுவைக்கவில்லை. 2000 டிசம்பர் 26இல் மற்றொரு புயல் நகருக்கு அண்மையிலேயே கரையேறிற்று. சரியாக நான்காண்டு கழித்து, 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாட்காலையில், காற்றுமின்றி மழையுமின்றிக் கடலே எழுந்து வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாளிரவு புரெவி. 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் வெள்ளமும் மண்சரிவுமாக டித்வா. இத்தகைய இரவுகளிலே கற்சுவர் வீடு தனியொருவரின் வீடாக இருப்பதில்லை. கரையோரக் குடிசைகளிலிருந்து பாயும் பிள்ளையும் கோழியுமாக வருவோர் விறாந்தையில் இடங்கொள்வர். முதல் இரவு அனைவருக்கும் மல்லித்தண்ணீர் உண்டு. மூன்றாம் இரவு வீட்டுக்காரரின் முகத்திலே சற்று மாற்றந் தோன்றும். அரிசிப்பானையின் அடி தெரியத் தொடங்கியிருக்கும். விருந்தோம்பலைப் புகழ்ந்தெழுதுவோர் இம்மூன்றாம் இரவைப் பற்றி எழுதுவதில்லை. ஆயினும் ஆச்சியின் நினைவில், எவரும் நான்காம் நாட் காலைக்கு முன் எழுப்பி அனுப்பப்பட்டதில்லை. அதற்கென்றே அவர் ஆவணியிலிருந்து ஒரு பானை அரிசியை வீட்டாருக்கும் சொல்லாது ஒதுக்கிவைப்பது வழக்கம்.

ஒதுங்க விறாந்தையும் இல்லாதார் நிலை வேறு. 2006இல் மூதூர்க் கிழக்கிலே போர் மூண்டபோது இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், கிளிவெட்டி முதலிய இடங்களிலே தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். 2015ஆம் ஆண்டிலேயே அவர்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட ஒவ்வொரு மாரியும் அத்தற்காலிகக் கூரைகளின் மேலேதான் பெய்தது. பருவத்துக்கு வீட்டை ஆயத்தஞ் செய்தல் என்பது, வீடு தனதென்றும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்போமென்றும் நம்புவோர் செய்யும் வேலை. ஓரிரு மாதத்திற்கென்று சொல்லித் தரப்பட்ட கொட்டிலின் முன்னே வாழைக்குட்டி நடுவதா வேண்டாவா என்னும் ஐயம் அந்நம்பிக்கையைப் பற்றியதே. நட்டால், திரும்புவோம் என்ற எண்ணத்தைக் கைவிட்டதாகும். நடாவிட்டால், குழந்தைகள் வெறுந்தரையிலே வளரும். நக்கீரர் அரசியின் கட்டிலையும் அகிற்புகையையும் காட்டியபின், மழை தூவும் நள்ளிரவில் பாசறையிலே புண்பட்ட வீரரைக் காணச்செல்லும் அரசனைக் காட்டுகின்றார். காற்றிலே அங்கு விளக்குச்சுடர் சாய்கின்றது. வீட்டின் இதத்தை அவ்வளவு விரித்தவர் வெளியே நனைவோரையும் அதே பாட்டினுள் வைத்தார்.

தை பிறந்து பொங்கல் கழிந்தபின் வாடையின் வேகம் தணியும். முதலில் வெளியே வருவன பாய்களும் தலையணைகளும். வேலியெங்கும் சேலைகள் விரிக்கப்படும். அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்த புத்தகங்கள் முற்றத்துக் கட்டிலிலே பக்கம் விரித்து வெயில் காயும். கிணற்றிலே நீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். விறகடுக்கின் எஞ்சிய பகுதியை எண்ணிப்பார்த்து, இவ்வாண்டு போதுமாயிருந்ததா என்று கணக்கிடுவர். பங்குனியில் வலைகாரர் வந்து வாடிக்குக் கம்பு நாட்டுவர். மின்விசிறியின் இதழைத் துடைக்க யாரேனும் ஒருவர் கதிரையின் மேல் ஏறுவர்.