ரெண்டாம் நாள் உதடு!

என் ஹாஸ்டல் ரூம்மேட் லிப் ஃபில்லர் போட்டுக்கிட்டா. மறுநாள் காலையில பார்த்தா, உதடு ரெண்டு மடங்கு! 'சாயங்காலம் அம்மா வீடியோ கால்ல வருவாங்கடி'னு ஒரே அழுகை. உங்களுக்கும் அந்த ஆசை இருந்தா, முதல்லயே தெரிஞ்சுக்குங்க மக்களே.

ஊசியில போறது பெரும்பாலும் ஹயலூரானிக் ஆசிட் ஜெல். 1 மில்லின்னா டீஸ்பூன்ல அஞ்சுல ஒரு பங்குதான். ஆனா அது தண்ணியை இழுத்து வெச்சுக்கும். (எங்க இன்ஜினீயரிங் பாஷையில ஹைட்ரோஜெல்!) ஊசி குத்தின காயமும் சேர்ந்துக்க, முதல் 2, 3 நாள் வீக்கம் உச்சத்துல இருக்கும். ஒரு பக்கம் பெருசா, ஒரு பக்கம் சிறுசாகூடத் தெரியும். உடனே 'இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் போடுங்க'னு ஓடாதீங்க. நிஜ ஷேப் தெரிய 2 வாரம் ஆகும். துணியில சுத்தின ஐஸ் வைங்க, ஜிம்முக்கு லீவு விடுங்க.

ஆனா உதடோ பக்கத்துத் தோலோ வெளுத்து, திட்டுத் திட்டா நிறம் மாறி, வலி ஏறிக்கிட்டே போனா அது வெறும் வீக்கம் இல்லை. ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம். ராத்திரி ரெண்டு மணின்னாலும் டாக்டரை எழுப்புங்க. பார்வை மங்கினா நேரா ஆஸ்பத்திரிதான். அந்த ஜெல்லைக் கரைக்க ஹயலூரானிடேஸ்னு ஒரு ஊசி இருக்கு. அது கைவசம் இல்லாத பார்லர்ல, ஆஃபர்ங்கிற ஒரே காரணத்துக்காகப் போய் உட்கார்றாங்களே, அதைத்தான் என்னால ஒத்துக்கவே முடியலை!