வறுத்தரைச்ச கறி

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை போடும் சிக்கன் குழம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது எங்க ஊர் கறியைப் பற்றி. எங்க ஊர்னா நாகர்கோவில் பக்கம், நாஞ்சில் நாடு.

அவியல், துவரன், எரிசேரி, தீயல் என்று சொன்னால் "நீ மலையாளியா மச்சான்?" என்று கேட்பீர்கள். பலர் கேட்டாச்சு. நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அதற்கு முன்பு திருவிதாங்கூர். எல்லைக்கோடு மாறினாலும் அடுக்களை மாறவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்க வீட்டில் தினசரி சோறும் பண்டிகைச் சோறும் ஒரே இடத்தில் தொடங்கும்: வறுத்த தேங்காய். திருவின தேங்காயை வத்தல், கொத்தமல்லி, கறிவேப்பிலையோடு செக்கச்செவேல்னு வறுத்து, எண்ணெய் தெளிய அரைத்து, புளி சேர்த்தால் சின்ன உள்ளித் தீயல். அதே தேங்காயோடு நல்லமிளகும் பெருஞ்சீரகமும் கூடுதலாக வறுத்து, புளியை விட்டுவிட்டால் தீபாவளி ஆட்டுக்கறி. தொட்டுக்க பீன்ஸ் துவரன். மிச்சக் குழம்புக்கு மறுநாள் அவிச்ச மரச்சீனிக் கிழங்கு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரின் பசியைத் தாங்கிய கிழங்கு இது.

தேங்காய் வறுப்பதில் நம்ம பாடமும் இருக்கிறது. முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஈரம் இருக்கும்வரை வெப்பமெல்லாம் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். சூடு 100 டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது. ஈரம் போனதும் சட்டென்று ஏறும். 140 டிகிரி வாக்கில் மையார்டு வினை வேகம் பிடிக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் உண்டாக்கும் இந்த வினையை பிரெஞ்சு வேதியியலாளர் மையார்டு 1912-ல் விவரித்தார். அதைத் தாண்டி ஒரு நிமிஷம் விட்டால் கருகும், குழம்பு கைக்கும்.

அந்த ஒரு நிமிஷத்தை எங்க வீட்டில் துல்லியமாகப் பிடிக்கிறவங்க ஆச்சி. வயசு 78. கண் அழுத்த நோயில் பார்வை மங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டுக் கண்டிஷன். அதனால் போன தீபாவளிக்கு அடுப்பில் நான் நின்றேன். ஆச்சி அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாங்க.

"மக்ளே, பச்சை வாடை போயாச்சு. தீயைக் கொறை."

"நெறம் தெரியாம எப்படி ஆச்சி சொல்லுக?"

"நெறத்த நீ பாரு. மணம் எனக்கு வரும்லா. சத்தத்தையும் கேளு. ஈரம் இருந்தா கரண்டி மெத்துனு போகும். காஞ்சா சரசரங்கும்."

கேட்டேன். உண்மையிலேயே சத்தம் மாறியது. அரை கிலோ கறிக்கு ஒரு மூடித் தேங்காய் என்று யூடியூபும் சொல்லும். இந்தச் சத்தத்தை எந்த வீடியோவும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தக் கைப்பக்குவம் ஆச்சியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போகும் என்பது வீட்டில் யாரும் பேசாமலே முடிவான கணக்கு. அம்மா வேலைக்குப் போகிறாங்க. அக்கா பெங்களூரில் ஷிப்டு பார்க்கிறாள். "ஏன், நான் மட்டும்தான் படிக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட நாங்கள்தான்.

உங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. அடுத்த லீவில் "கைமணம்" என்று பாராட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கரண்டியை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அளவை எழுதிக்கொள்ளலாம், மணத்தையும் சத்தத்தையும் கூடவே நின்றால்தான் பிடிக்க முடியும்.

எனக்குப் பொங்கல் லீவுக்குத் தீயல் என்று உத்தரவு வந்திருக்கிறது. உள்ளி உரிக்கத் தம்பியைச் சேர்த்திருக்கேன். இப்பவே முனகுகிறான்.