மேகத்துக்குள் யார் ஓட்டுவது?

விமானம் மேகத்துக்குள் புகுந்தால் வெளியே வெறும் வெள்ளை. திரும்பாதபோதே திரும்புவதாக உள்காது பொய் சொல்லும். தனியாளாக ஓட்டுகிறவனுக்கு ரேடியோ, வரைபடம், இறக்கையில் பனி உறைகிறதா என்ற கவனிப்பு வேறு. ஆட்டோபைலட் பெரிய துணைதான்.

ஆனால் ஏர் பிரான்ஸ் 447 விமானம்? 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ். வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, வேக அளவீடு குழம்பியது, ஆட்டோபைலட் தானே கழன்றுகொண்டது. ஓட்டியவர் மூக்கைத் தூக்கியே பிடித்தார். இறக்கை தூக்குவிசையை இழக்கிறது என்று ஸ்டால் எச்சரிக்கை அலறியும் பயனில்லை. 228 பேர் இறந்துபோனார்கள். விமானிகளைத் திட்டுவது சுலபம். அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டிப் பழக அவர்களுக்கு யார் வாய்ப்புக் கொடுத்தது?

அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றுதான், மெல்லிய மேகம், கீழே தெளிவு என்றால் நானே ஓட்டி இறங்குகிறேன். களைப்பாக இருந்தால் கூச்சமில்லாமல் ஆட்டோபைலட் பொத்தானை அழுத்திவிடுவேன். "எப்போதும் கையால்தான்" என்று மீசை முறுக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.