நம்ம கிணறு எந்த மேப்பில் இருக்கிறது?

(மூன்றாமாண்டு மாணவி, சிவில் பிரிவு)



மேப் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சைதான். வங்காள விரிகுடாவைக் குறி, சோட்டா நாகபுரி பீடபூமியைக் குறி என்பார்கள். குறித்தால் மார்க். அந்த மேப் கேட்பது ஒரே கேள்வி: எங்கே இருக்கிறது? ஆனால் இன்னொரு வகை மேப் உண்டு. 'எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்கும் மேப். மழை எவ்வளவு, ஜனம் எவ்வளவு, படிப்பு எவ்வளவு என்று காட்டுவது. இதைக் கருப்பொருள் வரைபடம் என்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் ஒரு நிமிஷத்தில் கலர் கலராக வந்து நிற்கிறது. நாம் கொடுக்கும் விவரத்துக்கு அந்தக் கலர் பொருந்துமா என்று கம்ப்யூட்டர் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

என் ஊர் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். அம்மா மகளிர் குழுக் கடனுக்குக் கைநாட்டு வைப்பவர். பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அதனால் எந்த மேப்பைப் பார்த்தாலும் என் கண் முதலில் எங்கள் மாவட்டத்தைத் தேடும். பிறகு எங்கள் வீட்டு ஆட்கள் அதில் எங்கே இருக்கிறார்கள் என்று தேடும். அப்படித் தேடித்தான் இந்தப் பாடம் எனக்குப் புரிந்தது.

முதலில் கலர் அடிக்கும் மேப்பை எடுத்துக்கொள்வோம். மாவட்டம் மாவட்டமாக எல்லை பிரித்து, அளவுக்கு ஏற்ப வெளிர் நிறம், அடர் நிறம் என்று பூசுவது. இதற்குக் கோரோபிளெத் என்று பெயர். 1826-ல் சார்ல் டூப்பன் என்பவர் பிரான்ஸ் நாட்டில் படிப்பு எங்கே குறைவு என்று காட்ட இப்படி ஒரு மேப் போட்டார். இந்த வகையில் முதலாவது என்று சொல்லப்படுவது அதுதான். படிப்பு குறைந்த பகுதிக்குக் கறுப்பு. இந்த வகையின் முதல் மேப்பே எங்கள் அம்மா மாதிரி ஆட்களைப் பற்றியது என்று தெரிந்தபோது எனக்கு என்னமோ போல் இருந்தது!

இந்த முறைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மொத்த எண்ணிக்கையை இதில் பூசக் கூடாது. சதவீதம், அடர்த்தி போன்ற விகிதத்தைத்தான் பூச வேண்டும். ஏன்? 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் ஜனத்தொகை 46,46,732. அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 39,98,252. மொத்தத்தைக் கலராகப் பூசினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். ஆனால் அன்றைய சென்னையின் பரப்பு 175 சதுர கிலோமீட்டர்; காஞ்சிபுரத்துக்கு 4,483. அடர்த்தி பார்த்தால் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர், காஞ்சிபுரத்தில் 892 பேர். ஒரே நிறம் அடித்த மேப் எவ்வளவு பெரிய பொய் சொல்கிறது பாருங்கள்! பஸ் முழுக்க நசுங்கி நிற்கிறவனுக்கும், கால் நீட்டி உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே டிக்கெட் கிழித்த கதை.

மொத்த எண்ணிக்கையைத்தான் காட்ட வேண்டும் என்றால் வட்டம் போடலாம். ஊருக்கு ஊர் ஒரு வட்டம், பெரிய ஊருக்குப் பெரிய வட்டம். இங்கேயும் கணக்கு உண்டு. கண் பார்ப்பது வட்டத்தின் பரப்பை, ஆரத்தை அல்ல. 1 லட்சம் பேருக்கு 1 செ.மீ. ஆரம் என்றால், 4 லட்சத்துக்கு 2 செ.மீ. போதும். 4 செ.மீ. போட்டால் பதினாறு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆரத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

விகிதத்தையே பூசினாலும், கோடு எங்கே கிழிப்பது என்பது அடுத்த சிக்கல். 2011-ல் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்களுடையது, 68.5 சதவீதம். அதிகம் கன்னியாகுமரி, 91.7 சதவீதம். அரியலூர், கிருஷ்ணகிரி, விழுப்புரம் மூன்றும் 71-க்கும் 72-க்கும் நடுவே. 70-ல் கோடு கிழித்தால் தர்மபுரி மட்டும் தனியாக வெளிறி நிற்கும். அதையே 72-க்குத் தள்ளினால் நான்கு மாவட்டங்கள் ஒரே வகுப்பில் சேர்ந்து உட்காரும். எண் ஒன்றும் மாறவில்லை, மேப் மாறிவிட்டது. பார்ப்பவர் மனசும் மாறிவிடும். ஆகவே எந்த இடத்தில், ஏன் கோடு போட்டோம் என்பதை மேப்பின் ஓரத்தில் எழுதிவைப்பது நேர்மை. இன்னொன்று: அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் ஆண்கள் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்கள் 73.44. இரண்டையும் கலந்து ஒரு கலராக அடித்தால் அம்மா அதில் காணாமல் போகிறார். இரண்டு மேப் போட்டால் தெரிவார்.

அடுத்தது நமக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம், காண்டூர். சர்வே பிராக்டிகலில் வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு புள்ளியில் மட்டம் எடுக்கிறோம். ஒன்று 100 மீட்டர், மற்றொன்று 102 மீட்டர். நடுவில் 101 எங்கே வரும் என்று கணக்குப் போட்டுக் கோடு இழுக்கிறோம். அளக்காத இடத்தில் கோடு இழுக்க நமக்கு என்ன தைரியம்? நடுவிலும் தரை இருக்கிறது என்ற தைரியம்தான்! மழையும் வெப்பமும் அப்படித்தான். இரண்டு மழைமானிக்கு நடுவிலும் மழை பெய்கிறது. 1701-லேயே எட்மண்ட் ஹாலி, காந்த ஊசியின் விலகல் சமமாக உள்ள இடங்களை இணைத்து அட்லாண்டிக் கடல்மேல் கோடு போட்டு அச்சிட்டார். ஆனால் பள்ளிக்கூடங்களை வைத்து இப்படிக் கோடு இழுக்க முடியுமா? இரண்டு பள்ளிக்கு நடுவே அரைப் பள்ளிக்கூடம் கிடையாதே!

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எங்கள் பக்கத்துப் பாறை பூமியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையில் உள்ள கனிமத்திலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். இன்னும் அதிகமானால் எலும்பையும் பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. என்னோடு படித்த பிள்ளைகள் பலர் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

ஃபுளோரைடு அளவைக் கலர் கலராகக் காட்டும் மேப் ஒன்றை லீவில் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கலரு நல்லாத்தான் இருக்குது. இதுல நம்ம கெணறு எங்க பாப்பா?" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா கேட்டது, மேப் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி!

யோசித்துப் பாருங்கள். ஒரு கிணற்றில் 0.4, இன்னொன்றில் 2.4 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சராசரி 1.4. வேறு தண்ணீர் இல்லாத ஊரானால், 1.5-க்குள் என்று மொத்தப் பகுதிக்கும் பச்சை பூசிவிடலாம். 2.4 கிணற்றில் குடம் வைக்கிறவளுக்கு அந்தப் பச்சை என்ன செய்யும்? சரி, காண்டூர் மாதிரி கோடு இழுக்கலாமா? பாறை பூமியில் தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு வெகுவாக வித்தியாசப்படும். நடுவில் இழுக்கும் கோட்டை நம்ப முடியாது. ஆகவே கிணறு கிணறாகப் புள்ளி வைத்து, அளவுக்கு ஏற்ப நிறம் கொடுப்பதே சரி. அளக்காத இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே இன்னும் யாரோ போய் அளக்க வேண்டும் என்று அந்த வெறுமையே சொல்லும்.

புள்ளி மேப்பின் பலத்துக்கு லண்டனில் சாட்சி உண்டு. 1854-ல் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது, டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். செப்டம்பர் 8-ந் தேதி பிராட் தெருக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கோடு வீதம் அவர் போட்ட மேப்பில், கோடுகள் அந்தக் குழாயைச் சுற்றியே குவிந்து நின்றன. அதே சாவுகளை வட்டாரவாரியாகக் கூட்டிக் கலர் அடித்திருந்தால் குழாய் கண்ணில் பட்டிருக்காது.

அப்பா எந்த மேப்பில் வருவார்? ஊருக்கும் பெங்களூருக்கும் போய்வரும் ஆளைக் கலரிலும் புள்ளியிலும் பிடிக்க முடியாது. அதற்கு ஓட்ட வரைபடம் வேண்டும். ஆட்கள் அதிகம் என்றால் தடித்த கோடு. 1869-ல் மினார் என்ற பிரெஞ்சு இஞ்சினியர், 1812-ல் ரஷ்யாவுக்குப் போன நெப்போலியன் படையை இப்படி வரைந்தார். பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன். 4,22,000 பேராகக் கிளம்பிய பட்டை, திரும்பி வரும்போது 10,000 பேராக நூல் மாதிரி இளைத்துவிடுகிறது. மினாரும் நம்ம சிவில் ஆள்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்து காவிரித் தண்ணீர் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் போவது பழைய கிணற்றுக்குத்தான். எந்தக் கிணறு என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் பைப்லைன் போடுவோம், சிலர் ரோடு போடுவோம். நம் மேஜைக்கு ஒரு மேப் வரும்; அல்லது நம்மையே போடச் சொல்வார்கள். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது மொத்தமா, விகிதமா? இரண்டு இடத்துக்கு நடுவிலும் இந்தப் பொருள் இருக்கிறதா? இந்தக் கலருக்கு அடியில் யார் மறைந்து போகிறார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கலர் பென்சிலை எடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.