கேன்சர் இல்லை... ஆனா மறுபடி வாங்க!

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் எலவனாசூர்கோட்டை. அங்கே ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவர் இன்னமும் 'கணக்கு சார்'தான். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு பழைய டிவிஎஸ் 50, காலையில் டீக்கடையில் பேப்பர், சாயங்காலம் சிவன் கோவில் திண்ணை. நோய் நொடி என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு 68 வயதில் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சர்க்கரை சரி, உப்பு சரி. ஆனால் டாக்டர் ஒரு வரியில் மட்டும் பேனாவை வைத்து நிறுத்தினார். மொத்தப் புரதம் 8.6, அதில் ஆல்புமின் 4.1.

கணக்கு சாருக்குக் கழித்தல் சொல்லித் தரவேண்டுமா? மீதி 4.5. அந்த மீதிக்குப் பெயர் குளோபுலின். பொதுவாக அது மூன்றரையைத் தாண்டக்கூடாது.

"ஆபரேஷன் பண்ணிடலாம் சார். ஆனா இந்தப் புரதம் ஏன் கூடியிருக்குன்னு ஒரு தடவை பாத்துடுங்க" என்றார் டாக்டர்.

குளோபுலின் கூடினாலே பயப்பட வேண்டியதில்லை. காசநோய், ஈரல் கோளாறு, நாள்பட்ட கிருமித்தொற்று என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. எது என்று கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை இருக்கிறது: சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபொரேசிஸ். வாயில் நுழையாத பேர், ஆனால் விஷயம் எளிது. ரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு புரதமும் தன் மின்னூட்டத்துக்குத் தக்கபடி கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். எது எங்கே எவ்வளவு நின்றது என்று ஒரு கிராஃப் வரும். இந்த முறைக்கு 1937இல் வழி போட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே டிசேலியஸ். 1948இல் வேதியியல் நோபல் பரிசும் வாங்கினார்.

கிராஃபின் கடைசியில் காமா என்று ஒரு பகுதி. நம் உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சாதாரணமாக அது களத்தில் நெல்லைக் குவித்த மாதிரி பரந்த மேடாகத் தெரியும். கணக்கு சாருடைய கிராஃபில் அந்த மேட்டின் நடுவே கோபுரம் மாதிரி கூராக ஒன்று எழுந்து நின்றது.

அது என்ன கோபுரம்?

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன. ஆன்டிபாடிகளைத் தயாரிப்பவை இவைதான். ஒவ்வொரு செல் வம்சமும் ஒவ்வொரு விதமாகத் தயாரிப்பதால் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான வகைகள் கலந்து கிடக்கும். மேடு பரந்து தெரிவது அதனால்தான். எப்போதாவது ஒரே ஒரு செல் மட்டும் பல்கிப் பெருகி, ஒரே புரதத்தை அச்சடித்தது போல் தயாரிக்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் கோபுரம் எழும்பும்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதை விளக்கியபோது, சார் உடனே பிடித்துக்கொண்டாராம். "நாப்பது பேப்பர்ல ஒரே தப்பு இருந்தா காப்பி அடிச்சிருக்கான்னு அர்த்தம். அந்த மாதிரியா டாக்டர்?" அந்த மாதிரியேதான்!

இன்னும் சில பரிசோதனைகள் எடுத்தார்கள். அந்த ஒற்றைப் புரதம் ஐஜிஜி வகை, அளவு 1.2 கிராம். சங்கிலித் துண்டுகளின் விகிதம் சரியாக இருந்தது. ரத்த சோகை இல்லை. கால்சியம், சிறுநீரகம், எலும்பு எல்லாம் நலம். கடைசியில் டாக்டரம்மா பேரைச் சொன்னார்: மோனோகுளோனல் காமோபதி ஆஃப் அன்டிடர்மின்ட் சிக்னிஃபிகன்ஸ். சுருக்கமாக எம்ஜியூஎஸ்.

கடைசி இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். "இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தீர்மானமாகவில்லை" என்று நோயின் பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

முன்பெல்லாம் இதைத் 'தீங்கற்றது' என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் கைல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 241 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், சிலருக்கு அது மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயாகவோ அதன் உறவுக்கார நோயாகவோ மாறியது தெரிந்தது. யாருக்கு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அப்படியிருக்க எப்படித் 'தீங்கற்றது' என்று எழுதுவது? 1978இல் இந்தப் பேரை வைத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பேர் அது.

திரும்பி வரும் பஸ்ஸில் சாரின் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். "ஏங்க, கேன்சர் இல்லைன்னா எதுக்கு ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க?"

சார் பதில் சொல்லவில்லை. விழுப்புரம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு எண்ணில் இருக்கிறது: வருடத்துக்கு சுமார் 1 சதவீதம். எம்ஜியூஎஸ் உள்ள நூறு பேரில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்கு அது புற்றுநோயாக மாறுகிறது. 50 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருப்பதாக அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வு 2006இல் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் இது இருப்பதே தெரியாமல் வேறு காரணத்தால் இறந்துபோகிறார்கள். சாரைப் போல புரதம் 1.5க்குக் கீழே, ஐஜிஜி வகை, விகிதமும் சரி என்றால் ஆபத்து இன்னும் குறைவு. இருபது வருடத்தில் நூற்றுக்கு சுமார் ஐந்துதான். அதனால்தான் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கும் பரிசோதனைகூட அவருக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. "பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை, இனி பயமில்லை" என்று சொல்ல முடியாது. வருடங்கள் கடந்தாலும் அந்த ஒரு சதவீதம் கூடவே வந்துகொண்டிருக்கும். மருந்து கிடையாது, பத்தியம் கிடையாது. அப்பப்போ ரத்தம் கொடுத்து அளவு ஏறுகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வைத்தியம்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் இன்டர்நெட்டில் தேடிவிட்டுப் பதறிப்போனான். "அப்பா, வீட்ல எல்லாருமே டெஸ்ட் எடுத்துடலாம்" என்றான். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்பது உண்மைதான். ஆனாலும் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையை மருத்துவர்கள் சிபாரிசு செய்வதில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். வைத்தியம் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தால் தூக்கம் போவதுதான் மிச்சமா, இல்லை சீக்கிரம் கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்ற முடியுமா? இதைத் தெரிந்துகொள்ள ஐஸ்லாந்து ஒரு நாடாகவே இறங்கியது. 2016இல் ஆரம்பித்த அந்த ஆய்வில் 40 வயதைத் தாண்டிய சுமார் 80,000 பேர் சேர்ந்தார்கள். அந்த வயதினரில் பாதிக்கு மேல்! இது இருப்பதாகத் தெரிந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். அதில் ஒரு பிரிவினரிடம் முடிவைச் சொல்லவே இல்லை. தெரிந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா, தெரியாதவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

இன்னொரு விஷயம் எலவனாசூர்கோட்டை மாதிரி ஊர்களுக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் ஆண்களைச் சோதித்தபோது, மினசோட்டாவின் ஆண்களைவிட இது சுமார் இரண்டு மடங்கு அதிகமாக இருந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சாரும் நிலத்தில் மருந்து அடித்தவர்தான், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. அதனால்தான் வந்தது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இப்போது அவர் நிலத்தில் மருந்தடிக்கிற பையன் கையுறையும் முகமூடியும் இல்லாமல் டேங்க்கைத் தூக்க முடியாது. சார் விடமாட்டார்.

ஆறாவது மாதம் போனார். அதே 1.2. "இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார்கள். அடுத்த வருடம் போகவில்லை. மகனுக்குக் கல்யாணம், அப்புறம் அறுவடை, அப்புறம் மழை. 'ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னாங்க' என்று ஒரு நினைப்பு.

அப்போதுதான் முதுகுவலி வந்தது.

வீட்டில் சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி இரண்டு மாதம் போட்டார். வெளியில் சொன்னால் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பரிசோதனைக்குப் போனால் ஏதாவது வரும். கணக்கில் புலி, பயத்தில் எல்லோரையும் போலத்தான். சட்டைப் பையில் காலி அட்டையைப் பார்த்தது மனைவிதான். "மறுபடி வரச் சொன்னது இதுக்குத்தானே?" என்றார். அவர் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்திருந்தார்!

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மைலோமா பல பேருக்கு முதலில் முதுகுவலியாகத்தான் வருகிறது. 'வயசாச்சு, வயல் வேலை' என்று மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். அந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மறுநாள் முதல் பஸ். ரத்தம், சிறுநீர், ஸ்கேன். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் சார் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

அளவு 1.3. எலும்பு சுத்தம். முதுகுவலி வெறும் தேய்மானம். ஆனால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரையின் உபயம்! நிறுத்தியதும் இறங்கியது.

இப்போது சாரிடம் ஒரு கிராஃப் நோட்டு இருக்கிறது. கீழே வருடம், பக்கத்தில் புரத அளவு. இதுவரை நான்கு புள்ளிகள். கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. அடுத்த தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது மனைவியின் வேலை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய ரத்த ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழியுங்கள். நாலுக்கு மேல் வந்தால் பதற வேண்டாம், அடுத்த தடவை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது மாதக்கணக்கில் முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அடுத்த தடவை வரை காத்திருக்க வேண்டாம்.