ஸ்பேனருக்கு சென்சார்!

சினிமாவுக்கு சென்சார் போர்டு இருக்கிறது. 'யு', 'ஏ' என்று முத்திரை குத்துவார்கள். 2024-ல் 'யு/ஏ'வையும் மூன்றாகப் பிரித்து 7 வயது, 13 வயது, 16 வயது என்று படிக்கட்டு கட்டிவிட்டார்கள். ஆனால் ஒருத்தர் தன் வீட்டு ஷெட்டில் நின்று ரேடியேட்டரைக் கழற்றி, அதை யூட்யூபில் போட்டால் என்ன சர்டிபிகேட்? யாரும் தருவதில்லை. தரும் பொறுப்பு போன மாதம் என் தலையில் விழுந்தது.

அக்கா போன் செய்தாள். "டேய், உன் மருமகன் கார்ட்டூன் பார்க்கிறதை விட்டுட்டான்."

"நல்லதுதானேக்கா?"

"கார் ரிப்பேர் பார்க்கிறான்டா! காலையில எழுந்தா கிளட்ச் பிளேட். ராத்திரி பால் குடிக்கும்போது பிரேக் ஷூ. நேத்து அவங்கப்பாவை நிக்க வெச்சு 'ஆயில் எப்ப மாத்தினே?'ன்னு மிரட்டறான். பத்து வயசுப் பையன் பார்க்கிற சமாசாரமா இது? நீதான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உக்காந்திருக்கியே, பார்த்துச் சொல்லு."

ஆபீசில் நான் என்ன செய்கிறேன் என்பதில் என் குடும்பத்துக்கு இருக்கிற தெளிவு, என் மேனேஜருக்குக்கூடக் கிடையாது.

முதலில் சுலப வழியைத் தேடினேன். வீடியோ போடுகிறவரிடம் 'இது குழந்தைகளுக்காக எடுத்ததா?' என்று யூட்யூப் கேட்கிறது. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகளைப் பற்றிய விவரங்களைச் சேகரித்ததாக அமெரிக்காவில் வழக்கு வந்து, 2019-ல் 17 கோடி டாலர் கட்டி முடித்த பிறகு, 2020-லிருந்து நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. ரிப்பேர்க்காரர் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தால், குழந்தை பார்க்கக்கூடாது என்று அர்த்தமில்லை. இன்னொருவர் 'ஆமாம்' என்று அடித்திருந்தால், ஆபத்தில்லை என்றும் அர்த்தமில்லை. ஆக, நாமேதான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போர்டு கூடியது. உறுப்பினர்கள்: நான், அக்கா, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், ஒரு தட்டு பஜ்ஜி. பயலையும் உட்கார வைத்தோம், குற்றம் சாட்டப்பட்டவன் என்ற முறையில்.

முதல் வீடியோ. வெளிநாட்டுக்காரர் ஒருவர் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறார். போல்ட் 'டக்'கென்று முறிந்தது. உடனே ஒரு 'பீப்'.

"பார்த்தியா! கெட்ட வார்த்தை!" என்றாள் அக்கா.

"அப்பா டிராபிக்ல பேசறதுக்கு பீப்பே கிடையாதும்மா" என்றான் பயல்.

அக்கா அவன் வாயில் ஒரு பஜ்ஜியைத் திணித்தாள். அந்தக் குற்றச்சாட்டு அத்தோடு வாபஸ்.

இரண்டாவது, 'பத்தே நிமிஷத்தில் நீங்களே செய்யலாம்' ரகம். பளபளவென்று கேமரா, பின்னணியில் டமடம இசை. எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் மட்டும், "நிறுத்து, நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"வண்டி எது மேல நிக்குது பாரு."

ஜாக்கி. ஜாக்கி மட்டும். அடியில் ஹீரோ ஜாலியாகப் படுத்திருக்கிறார்.

"ஜாக்கி டயர் மாத்தறதுக்குத்தாம்ப்பா. அடியில போகணும்னா ஸ்டாண்டு வெக்கணும். செங்கல், ஹாலோ பிளாக்கெல்லாம் கூடாது, பாரத்துல உடைஞ்சிடும். ஜாக்கி சரிஞ்சா எஞ்சின் நெஞ்சு மேலதான்."

இன்னும் கொஞ்சம் ஓடியது. "விரல்ல மோதிரம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். எங்களுக்கு மோதிரம் தெரிந்தது. அவருக்கு மோதிரத்துக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரி தெரிந்தது. பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். நடுவில் மோதிரம் மாட்டிக்கொண்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைப் பொசுக்கிவிடும். அதனால்தான் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். மைனஸ் போய்விட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

"இன்னொண்ணு... இது அரை நாள் வேலை. பத்து நிமிஷம்னா மிச்சத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்? வேலையே அந்த மிச்சத்துலதான் இருக்கு."

மூன்றாவது வீடியோவில் ஒரு பெரியவர். பாதி நேரம் அவர் தலைதான் எஞ்சினை மறைக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறக்க வந்தவர், ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு. ஆறட்டும்" என்று போய்விட்டார்!

"ஏன் போயிட்டார்?" என்று பயலிடம் கேட்டார் அண்ணன்.

பயல் விழித்தான். அக்கா சொன்னாள்: "குக்கர் மாதிரிடா. பிரஷரோட மூடியைத் திறந்தா மூஞ்சியில அடிக்கும்."

அதேதான். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் சட்டென்று ஆவியாகிப் பீறிடும். பெரியவர் திரும்பி வந்தார், துணி போட்டுத் திறந்தார், நடுவில் ஒரு கிளிப்பை உடைத்தார், "உடைச்சுட்டேன்" என்று கேமராவிடமே சொல்லிவிட்டுப் புதுசு வாங்கப் போனார்.

"இதைப் பார்க்கலாம்" என்றார் அண்ணன்.

அக்கா பெருமூச்சு விட்டாள். "பார்க்கலாம்தான். ஆனா இவன் மெக்கானிக் ஆயிடுவானோன்னு..." என்று ஆரம்பித்தவள், எதிரில் இருப்பது யார் என்று உறைத்ததும் நிறுத்தினாள். பஜ்ஜிக்குக்கூட யாரும் கை நீட்டவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. "நான் பட்டறைக்கு வந்தப்ப பதினோரு வயசும்மா. நம்பர் மாத்தி ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா, அதே ஸ்பேனர் மண்டையில விழும். மைனஸை முதல்ல கழட்டுன்னு அடிச்சாங்க. ஏன்னு ஒருத்தரும் சொல்லலை. அதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. இவனுக்கு உக்காந்த இடத்துல ஒரு பெரியவர் சொல்லித் தரார். பார்க்கட்டுமேம்மா."

பதினாலு வயதுக்குள் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2016-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. ரொம்ப நியாயம். ஆனால் அடியும் இல்லாமல், 'ஏன்' என்ற கேள்விக்குப் பதிலும் கிடைக்கிற ஒரு பட்டறை அந்த வயதுக்கு வேண்டாமா?

தீர்ப்பு இதுதான். அடியில் படுப்பவர் ஸ்டாண்டு வைத்திருக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஏன் என்று சொல்ல வேண்டும். சொதப்பியதை வெட்டாமல் காட்ட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஒன்றிரண்டு 'பீப்'பை மன்னிக்கலாம். ஏர்பேக், எலெக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள் இவையெல்லாம் பார்ப்பதோடு சரி. முக்கியமாக, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். 'ஏன்' சொல்லத் தெரியாத எதையும் பயல் தொடக்கூடாது.

எல்லாருக்கும் திருப்தி. பயல்தான் கடைசியாக என் பக்கம் திரும்பினான்.

"மாமா, பக்கத்துல உட்காரப் போற பெரியவர் நீதானே? உன் கார்ல பானெட் எப்படித் திறக்கும், சொல்லு?"

போர்டை அத்துடன் கலைத்துவிட்டேன்.