எழுதப்படாத நகைச்சுவை

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களில், வேளாண் வேலை ஓய்ந்த நாள்களில், தோற்பாவைக் கூத்து நடைபெற்று வந்தது. வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கொளியில் ஆட்டுத்தோற் பாவைகள் அசையும். கதை என்னவோ இராமாயணந்தான். ஆனால், சிறுவர் விழித்துக் காத்திருந்ததோ கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்! இராமனுக்கும் இராவணனுக்கும் குரல் கொடுக்கும் கூத்தரே அவ்விருவர் வாய்ச்சண்டையையும் ஒருவராய்ப் பேசிவிடுவார். இல்லத்தில் மராத்தி பேசும் மரபினர் அவர். கோமாளிகள் பேசுவதோ ஊரார் தமிழ்! அன்றன்றைய ஊர்ச்செய்தியும் அதில் வேடிக்கையாய் நுழையும். 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியில் நாடகம் நடிப்போர் கையில் எழுத்துப்படி இருந்தது. கூத்தருக்கு ஏடில்லை. தந்தை பேசக் கேட்டு வளர்ந்ததே பாடம். மகன் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டால், பாவை பெட்டிக்குள் இருக்கும். அதன் பேச்சு இராது.